பட்டாளத்துக்காரர் வீட்டில் ‘அனுசரித்துப் போவது’: மனக்காயத்துக்குக் கணவனும் மனைவியும் சேர்ந்து சிகிச்சை பெற ஒரு வழிகாட்டி

தீபாவளிக்கு முந்தின நாள் சில வீடுகளில் ஜன்னல்களை இழுத்துச் சாத்திவிடுவார்கள். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். பிள்ளைகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெடி வாங்குவதில்லை என்பது எப்போதோ முடிவாகியிருக்கும். ஏன் என்று கேட்டால், “அப்பாவுக்குப் பிடிக்காது” என்ற ஒரே பதில்தான் வரும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போல, தலைமுறை தலைமுறையாக ஆண்கள் ராணுவத்துக்குப் போன ஊர்களில் இந்தப் பதிலைப் பலமுறை கேட்கலாம்.

நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். என் அப்பா 1987இல் இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். இப்போது குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வரும் மனைவிமார் எல்லோரும் ஏறக்குறைய ஒரே அறிவுரையைக் கேட்டுக் களைத்தவர்கள்: “எல்லையில் எவ்வளவு கஷ்டப்பட்டாரோ, நீதான் அனுசரித்துப் போகணும்.” சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் போரில் பட்ட மனக்காயம் என்ற இந்த நோயைப் பொறுத்தவரை அனுசரிப்புதான் அதற்குப் போடும் தீனி. அவர் கூட்டம் கூடும் இடங்களுக்குப் போகாமல் இருக்க நீங்கள் காரணம் சொல்லித் தப்பிக்க வைக்கிறீர்கள். அவருக்கு அந்த நிமிடம் நிம்மதி. கூட்டம் ஆபத்தானது என்ற அவருடைய மூளையின் கணக்கு மட்டும் திருத்தப்படாமலே கிடக்கிறது. அடுத்த ஆண்டு திருமண மண்டபத்தோடு கோயிலும் போய்விடும், அதற்கடுத்த ஆண்டு டீக்கடையும் போய்விடும். கடைசியில் வீடே ஒரு பதுங்குகுழி ஆகிவிடும்.

இது என்ன நோய்?

ஆங்கில எழுத்துகளில் பி.டி.எஸ்.டி. என்பார்கள்; பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று பொருள். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இந்தப் பெயர் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களும் அவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர்களும் விடாமல் குரல் கொடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் இதற்கு நான்கு முகங்கள். கெட்ட கனவாகவோ விழித்திருக்கும்போதே கண்முன் ஓடும் காட்சியாகவோ பழையது திரும்பி வரும். அதை நினைவூட்டும் ஆள், இடம், பேச்சு எல்லாவற்றையும் அவர் தவிர்ப்பார். மகிழ்ச்சி மரத்துப்போகும், “நான் உருப்படாதவன், யாரையும் நம்ப முடியாது” என்ற எண்ணம் வேர்விடும். நான்காவதாக, எந்நேரமும் காவல் பணியில் இருப்பதுபோன்ற விறைப்பு: மூன்று முறை தாழ்ப்பாளைச் சரிபார்ப்பது, மண்டபத்தில் சுவரை ஒட்டி வாசலைப் பார்த்தபடி உட்கார்வது, பாத்திரம் விழுந்தால் பாய்ந்து எழுவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். போர் கண்ட எல்லோருக்கும் இது வருவதில்லை. வந்தவர் கோழையும் இல்லை.

ஏன் இருவரும் சேர்ந்து?

அவரை மட்டும் அனுப்பும் சிகிச்சைகள் உண்டு, அவற்றில் பல நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரம்தான் அவர் சிகிச்சையாளரோடு இருக்கிறார். மீதி நேரம் உங்களோடு. மருத்துவமனையில் துணிவைப் பழகிவிட்டு வீட்டுக்கு வந்தால், நீங்கள் வழக்கம்போல ஜன்னலைச் சாத்துவீர்கள்.

இதை வைத்தே அமெரிக்காவில் கேண்டிஸ் மான்சன், ஸ்டெஃபனி ஃப்ரெட்மன் என்ற உளவியலாளர்கள் தம்பதிகளுக்கென்று 15 அமர்வுகள் கொண்ட சிகிச்சை முறை ஒன்றை வகுத்தார்கள். பாஸ்டனிலும் டொரான்டோவிலும் 40 ஜோடிகளை வைத்து அதைச் சோதித்து, முடிவுகளை 2012இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஜோடிகளோடு ஒப்பிட்டபோது, சிகிச்சை பெற்றவர்களின் நோய்க்குறிகள் நன்றாகக் குறைந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தங்கள் உறவில் இருந்த நிறைவும் கூடியிருந்தது. நாற்பது ஜோடி என்பது சின்ன எண்ணிக்கைதான். அவர்களில் எல்லோரும் படைவீரர் குடும்பங்களும் அல்ல. ஆனாலும் திசை தெளிவாக இருந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையில் இன்று இந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் அழைப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் 1957இல் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்கியே ஆக வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே வழக்கம். பட்டாளத்து ஊர்களுக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது.

தொடங்கும் முன் மூன்று கேள்விகள்

இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் ஜோடியாகப் போய் உட்காரக் கூடாது.

அடி விழுகிறதா? அறைவது, கழுத்தைப் பிடிப்பது, கத்தியைக் காட்டுவது, வெளியே போகவிடாமல் பூட்டுவது இருந்தால் இருவர் சேர்ந்த சிகிச்சை இப்போது வேண்டாம். அங்கே நீங்கள் சொல்லும் உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க நேரும். பெண்கள் உதவி எண் 181. நல்ல சிகிச்சையாளர் முதல் சந்திப்பிலேயே இருவரையும் தனித்தனியாக அழைத்து இதைக் கேட்பார். கேட்காவிட்டால் நீங்களே தனியாகப் பேச நேரம் கேளுங்கள். கனவில் கை வீசி உங்கள் மேல் படுவது வேறு கதை. அப்படி நடக்கிறவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். கட்டிலின் காலடிப் பக்கம் தள்ளி நின்று “என்னங்க” என்று கூப்பிடுங்கள், விளக்கைப் போடுங்கள்.

சாவைப் பற்றிப் பேசுகிறாரா? நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம். வங்கிக் காவலர் வேலைக்காக உரிமத்தோடு வாங்கிய துப்பாக்கி பல முன்னாள் படைவீரர் வீடுகளில் இருக்கிறது. அப்படியானால் நிலைமை சீராகும்வரை அதைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க முடியுமா என்று விசாரியுங்கள். பீரோ சாவியை ஒளித்து வைப்பதை நம்பாதீர்கள். ராணுவத்தில் பயிற்சி பெற்றவருக்கு அது ஒரு பூட்டே இல்லை.

குடி எந்த அளவில் இருக்கிறது? கேன்டீன் கோட்டாவில் வரும் ரம் மாதக் கடைசிவரை தாங்குகிறதா, முதல் வாரத்திலேயே முடிகிறதா என்பது நான் கேட்கும் கேள்வி. தினமும் அளவுக்கு மீறிக் குடிப்பவர் என்றால் முதலில் அதற்கு மருத்துவம். “நாளை முதல் ஒரு சொட்டு இல்லை” என்று வீட்டிலேயே சபதம் எடுக்க வைக்காதீர்கள். நீண்ட காலக் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

எங்கே போவது?

முன்னாள் படைவீரருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தாருக்கும் 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. அட்டையோடு பாலிகிளினிக்குக்குப் போய், மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை வேண்டும் என்று கேளுங்கள். “தூக்கம் வரவில்லை” என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். கனவு, எரிச்சல், கூட்டத்தைத் தவிர்ப்பது, குடும்பத்தில் நடப்பது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அட்டை இல்லாதவர்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்பங்களுக்கென்றே தனி மனநலப் பிரிவு இருக்கிறது.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். மான்சன் வகுத்த முறையில் அப்படியே பயிற்சி பெற்றவர் உங்கள் ஊரில் கிடைப்பது அரிது. அதனால் பெயரைச் சொல்லித் தேடாதீர்கள். “இந்த நோய்க்கு முன்பு சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா? இருவரையும் சேர்த்துப் பார்ப்பீர்களா? ஏறக்குறைய எத்தனை அமர்வு? வீட்டில் செய்யப் பயிற்சி கொடுப்பீர்களா?” என்று நான்கு கேள்விகள் கேளுங்கள். நான்குக்கும் தெளிவான பதில் வந்தால் உட்காருங்கள். “கணவன் மனைவிக்குள் இதெல்லாம் சகஜம்மா” என்று தொடங்குகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அவர் வர மறுப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று பென்ஷன். சேவைக்காகக் கிடைக்கும் பென்ஷன், ஓய்வுக்குப் பிறகு மனநல மருத்துவரைப் பார்த்ததால் நின்றுவிடாது. பாதுகாப்புத் துறை நிலையங்களைக் காக்கும் டி.எஸ்.சி. படையில் மறுபடி சேர நினைப்பவருக்கு மட்டும் உடல்தகுதிப் பரிசோதனை ஒரு நியாயமான கவலை; அதை மருத்துவரிடமே வெளிப்படையாகக் கேட்டுவிடலாம். இன்னொன்று, ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. இவை இரண்டையும் சொல்லியும் அசையாவிட்டால், “உங்களுக்கு வைத்தியம்” என்று சொல்லாதீர்கள். “எனக்கு உங்களோடு பேசத் தெரியவில்லை, கற்றுக்கொள்ளப் போகிறேன், கூட வாருங்கள்” என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

முதல் இரண்டு அமர்வுகள்

ஓர் அமர்வு ஏறக்குறைய ஒன்றே கால் மணி நேரம். நடந்ததை அங்கே விவரமாகச் சொல்லச் சொல்வார்களோ என்பதுதான் அவருடைய பெரிய பயம். இந்த முறையில் அது தேவையில்லை. யார் எப்படிச் செத்தார்கள் என்ற காட்சி விவரத்தை உங்கள் முன்னால் அவர் சொல்ல வேண்டியதில்லை. அது இன்று உங்கள் இருவர் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதைத்தான் பேசுவார்கள். இதை முதல் நாளே அவருக்குச் சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் அதைக் கேட்டபிறகுதான் கிளம்பவே சம்மதிக்கிறார்கள்.

நோயைப் பற்றிய விளக்கத்தோடு, கோபம் தலைக்கேறும்போது விலகி நிற்கும் முறையையும் இங்கேயே கற்றுத் தருவார்கள். நம் வீடுகளில் இதைக் கற்பிப்பது மிகவும் கஷ்டம். ஏனென்றால் நமக்கு ஏற்கெனவே ஒரு விலகல் தெரியும்: மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல், பிள்ளை மூலம் “சாப்பிடச் சொல்” என்று தூது விடுவது. அது தண்டனை. இங்கே கற்பது, திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போவது. ஒரு சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறீர்கள். கோபம் ஏறுவதை உணர்ந்தவர் சைகை காட்டி, “அரை மணி நேரம்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். மற்றவர் பின்னாலேயே போய் வாதத்தை முடிக்கப் பார்க்கக் கூடாது. அரை மணி நேரம் முடிந்ததும் போனவர் தானாகவே வந்து உட்கார வேண்டும். பேசத் தயாராக இல்லையென்றால் வேறொரு நேரம் சொல்ல வேண்டும். திரும்பி வருவதை விட்டுவிட்டால் பழைய தண்டனைதான் மிஞ்சும்.

மூன்று முதல் ஏழு வரை: பேச்சும் நடையும்

முதலில் கேட்பதற்குப் பயிற்சி. ஒருவர் சொன்னதை மற்றவர் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் பேச வேண்டும். மனைவிமாருக்கு இது செயற்கையாகத் தோன்றும். ஆனால் பட்டாளத்துக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். வயர்லெஸ்ஸில் வந்த உத்தரவைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திப் பழகியவர்கள் அல்லவா.

பிறகு ஒரு பட்டியல் போடுவீர்கள். இந்த நோயால் நீங்கள் இருவரும் விட்டுவிட்டவை எவை? எளியது மேலே, கடினமானது கீழே. காலைக் கூட்டம் சேரும்முன் டீக்கடை, கூட்டம் சேர்ந்தபின் டீக்கடை, சந்தை, பஸ் நிலையம், கல்யாண மண்டபத்தில் நடு வரிசை, தீபாவளியன்று திறந்த ஜன்னல், கடைசியில், கூட இருந்து செத்துப்போன நண்பனின் வீடு. வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று இறங்கி வருகிறீர்கள்.

இங்கே உங்கள் வேலை கூடப் போவது. காப்பாற்றிக் கூட்டி வருவது உங்கள் வேலை இல்லை. மண்டபத்தில் அவர் நெற்றி வியர்க்கும்போது “போலாமா?” என்ற வார்த்தை உங்கள் நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்குங்கள். பயம் உச்சியில் இருக்கும்போது எழுந்து வந்தால், எழுந்து வந்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை பதிந்துகொள்ளும். கொஞ்சம் தணியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வந்தால் கணக்கு மாறத் தொடங்கும். பட்டியலில் கை வைப்பதற்கும் ஓர் அளவு உண்டு: உண்மையிலேயே ஆபத்தான எதுவும் அதில் இருக்கக் கூடாது, ஒரே வாரத்தில் டீக்கடையிலிருந்து தீபாவளிக்குத் தாவவும் கூடாது.

மாமியாரும் மைத்துனரும் கூட இருக்கும் வீடு என்றால் அவர்களுக்கும் ஒரு விளக்கம் வேண்டும். “பிள்ளையைப் போட்டு இப்படி அலைக்கழிக்கிறாளே” என்ற குரல் கட்டாயம் எழும். சிகிச்சையாளர் அனுமதித்தால் மாமியாரை ஒரு நாள் அழைத்துப் போங்கள். அம்மா ஜன்னலைச் சாத்தும் வீட்டில் மனைவி மட்டும் திறந்து என்ன பயன்?

எட்டு முதல் பதினைந்து வரை: அர்த்தங்கள்

பாதிக்கு மேற்பட்ட அமர்வுகள் இதற்குத்தான். அவருடைய மனத்தில் உறைந்துபோன சில முடிவுகள் இருக்கின்றன. “அன்று ரோந்தில் நான் முன்னால் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.” நம் ஊரில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: “எல்லாம் விதி.” ஆறுதலாகச் சொல்கிறோம். ஆனால் அந்தச் சொல் பேச்சின் கதவைச் சாத்திவிடுகிறது. அதற்குப் பதிலாக, அன்று அவருக்கு என்ன தெரிந்திருந்தது, முடிவெடுக்க எத்தனை நொடி இருந்தது, உத்தரவு யாருடையது, அதே இடத்தில் நண்பன் இருந்திருந்தால் அவனை இவர் குற்றம் சொல்வாரா என்று கேள்விகளாக எடுத்து இருவரும் சேர்ந்து பார்க்கப் பழக்குவார்கள். முடிவை நீங்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அவரே வேறு வாசிப்பைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சில குற்ற உணர்வுகளுக்கு உண்மையில் அடிப்படையும் இருக்கும். தமிழ் பேசும் ஊர்களுக்குள் துப்பாக்கியோடு போன தமிழ்ச் சிப்பாய்களை நினைத்துப் பாருங்கள். 1990 மார்ச்சில் அமைதிப்படை சென்னைத் துறைமுகம் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அரசியலாக அதை எப்படி வேண்டுமானாலும் பேசலாம். இறங்கி வந்தவருக்கு மட்டும், தான் கண்டதைச் சொல்ல ஊரிலும் இடமில்லை, வீட்டிலும் இடமில்லை. என் அப்பா 20 ஆண்டுகள் எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்படிப்பட்டவரிடம் “நீங்கள் எதுவும் தப்பு செய்யவில்லை” என்று அவசரப்பட்டுச் சொன்னால் அவர் உங்களை நம்பமாட்டார். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் அங்கே செய்யக்கூடியது.

அடுத்து அதிகாரம். சிப்பாய்கள் பலர் 40 வயதுக்கு முன்பே ஓய்வு பெற்று வருகிறார்கள். அவர் பணியில் இருந்த பதினைந்து பதினேழு ஆண்டுகள் பள்ளிக் கட்டணம், ரேஷன் கார்டு, மாமனார் ஆபரேஷன், வீட்டுக் கடன் எல்லாவற்றையும் நடத்தியது மனைவி. வருடத்தில் இரண்டு மாத விடுமுறையில் அவர் விருந்தாளி. ஓய்வுக்குப் பிறகு ஒரே வீட்டில் இரண்டு கமாண்டர்கள். அவர் காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி வரிசையில் நிறுத்துகிறார். அவள் பாஸ்புத்தகத்தைக் கொடுக்க மறுக்கிறாள். இதில் எவ்வளவு நோய், எவ்வளவு வெறும் பழக்கம் என்று பிரித்துப் பார்ப்பதே பாதி வேலை. கட்டுப்பாட்டை விட்டால் யாராவது சாவார்கள் என்று அவர் மூளை நம்புகிறது. விட்டுக்கொடுத்தால் 15 வருட உழைப்பு மதிப்பில்லாமல் போகும் என்று அவள் நம்புகிறாள். நான் பார்த்தவரை, எதை யார் முடிவு செய்வது என்று காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தம்பதிகள் தப்பித்தார்கள். பெருந்தன்மையாகப் பேசிவிட்டு எழுதாமல் விட்டவர்கள் அடுத்த மாதம் அதே சண்டையோடு வந்தார்கள்.

நெருக்கம் பற்றிய அமர்வில் இருவருமே தரையைப் பார்ப்பார்கள். பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். இந்த நோய்க்குக் கொடுக்கும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் உடலுறவு விருப்பத்தைக் குறைக்கலாம். “என்மேல் ஆசை போய்விட்டது” என்று நீங்களும் “ஆண்மை போய்விட்டது” என்று அவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டு, மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்துவதுதான் நடக்கிறது. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார்.

முடிந்த பிறகு

பதினைந்து அமர்வு முடிந்ததும் நோய் துடைத்தெறியப்பட்டுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலருக்கு அதன்பின் தனிச் சிகிச்சையும் தேவைப்படும். சறுக்கல் பெரும்பாலும் தேதி பார்த்து வரும். சம்பவம் நடந்த நாள், நண்பன் இறந்த நாள், கார்கிலில் இருந்தவருக்கு ஜூலை மாதம், எல்லைச் செய்தி தொலைக்காட்சியில் ஓடும் வாரம். அந்தத் தேதிகளை அவரிடமே கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த வாரத்தில் உறவினர் வருகையையோ வீட்டு வேலையையோ வைத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சையாளரிடம் முன்கூட்டியே ஒரு நேரம் வாங்குங்கள்.

எங்கள் வீட்டுக் காலண்டரில் அக்டோபர் இரண்டாவது வாரத்தில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அம்மா பேனாவால் வைப்பது. போன வருடம் அந்தப் புள்ளியை வைத்தது அப்பா.